நெல் கட்டிய ஊருக்குப் போகும் மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சார்லட்டில் மகள் வீட்டில் தங்கியிருக்கும்போது அத்தையையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் நகரத்துக்கு இரண்டு நாள் போய்வர வேண்டும் என்றும், எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். சுற்றுலாக் கையேடுகள் அதை வண்ண வீடுகளும் குதிரை வண்டிகளும் நிறைந்த ஊராகக் காட்டும். அவை பொய்யில்லை. ஆனால் வேளாண்மைத் துறையில் ஓய்வுபெற்ற பிறகும் மன்னார்குடி வயலை விடாத உங்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. அந்த ஊரை நீங்கள் நெல்லின் வழியாகப் பார்க்க வேண்டும். அங்குள்ள மாளிகைகளும் சமையலும் நெல்லால் வந்தவை. அந்த நெல்லை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்கள்.

ஆகவே முதல் நாள் காலையில் நகரத்துக்குள் போகாமல், ஆஷ்லி ஆற்றங்கரையில் உள்ள மிடில்டன் பிளேஸ் பண்ணைக்குப் போங்கள். 1741இல் தொடங்கப்பட்ட அதன் தோட்டத்தையும், ஆற்றை நோக்கிப் படிப்படியாக இறங்கும் புல்தரையையும் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் அங்குள்ள பழைய நெல் ஆலையையும், பார்வையாளருக்காகப் பயிரிட்டுக் காட்டும் சிறு வயலையும் தேடிப் பாருங்கள். அந்தப் பகுதியில் நீர் பாய்ச்சிய முறை உங்களுக்கு வியப்பளிக்கும். கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கமான ஓதம் ஏறும்போது ஆற்றின் முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே தள்ள, அதற்கு மேற்புறத்தில் ஆற்றின் நன்னீர் போக வழியின்றி உயரும். அந்த நேரத்தில் கரையில் உள்ள மதகைத் திறந்தால் நன்னீர் வயலுக்குள் பாயும். ஓதம் இறங்கும்போது திறந்தால் வயல் வடிந்துவிடும். இறைக்க மாடும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். உப்பு எட்டாத அளவுக்கு மேலேயும், ஓதம் எட்டும் அளவுக்குக் கீழேயும் இருக்கிற நிலம்தான் இதற்கு உதவும் என்பதால், ஆற்றில் குறிப்பிட்ட சில மைல் நீளத்துக்கு மட்டுமே இந்த வயல்கள் அமைந்தன. மதகை அங்கே 'டிரங்க்' என்று கேட்டால்தான் காட்டுவார்கள்.

சதுப்பில் நின்ற சைப்ரஸ் மரங்களை வெட்டி, முதலையும் பாம்பும் உலவும் சேற்றில் கையால் மண் சுமந்து, மைல் கணக்கில் கரை போட்டவர்கள் அந்த அடிமைகளே. அவர்களில் பலர் செனகாம்பியா, சியரா லியோன் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நெல் நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நெல் வளர்ப்பதைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். பண்ணை முதலாளிகள் காய்ச்சலுக்கு அஞ்சி, மே மாதத்திலிருந்து குளிர்காலத்தின் முதல் உறைபனி விழும் வரை வயல்பக்கம் தலைகாட்டாமல் நகரத்து வீடுகளில் கடற்காற்று வாங்கினார்கள். நாற்றங்கால் முதல் களத்துமேடு வரை எல்லாம் தெரிந்த உங்களுக்கு, அந்தக் கோடையில் யார் சேற்றில் நின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பார்த்த பிறகு நகரத்துக்கு வந்தால் வீடுகள் வேறு மாதிரித் தெரியும். 'சிங்கிள் ஹவுஸ்' என்னும் அந்த ஊர் வீடு ஓர் அறை அகலம்தான். குறுகிய பக்கம் தெருவைப் பார்க்கும், நீண்ட தாழ்வாரம் தெற்கு அல்லது மேற்கு நோக்கிக் காற்றுக்குத் திறந்திருக்கும். தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டோம், தாழ்வாரத்துக்குத்தான் போவோம். சுவர்களில் இரும்புத் தட்டுகள் பதிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர்களைப் பிணைத்து நிறுத்தப் போட்ட கம்பிகளின் முனைகள் அவை. எலிசபெத் தெருவில் உள்ள எய்க்கன்–ரெட் மாளிகைக்குக் கட்டாயம் போங்கள். அதைப் புதுப்பிக்காமல், கிடைத்த நிலையிலேயே காத்து வைத்திருக்கிறார்கள். முன்கட்டின் உதிர்ந்த சுவர்த்தாளையும் பின்கட்டில் அடிமைகள் தங்கிய அறைகளையும் ஒரே நடையில் பார்க்கலாம். ஈஸ்ட் பே தெருவில் வரிசையாக நிற்கும் 13 வண்ண வீடுகளுக்குப் பத்து நிமிடம் போதும்.

குதிரை வண்டி ஏற வேண்டும் என்று அத்தை விரும்பினால் ஏறுங்கள். ஆனால் எந்தத் தெருவுக்குப் போவது என்பது வண்டிக்காரர் கையிலும் இல்லை. நெரிசலைத் தவிர்க்க நகராட்சி வைத்திருக்கும் சாவடியில் குலுக்கல் போட்டு, வருகிற பகுதிக்குத்தான் போக வேண்டும். அதிர்ஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. படகில் ஃபோர்ட் சம்டர் கோட்டைக்கும் போகலாம். 1861 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் அங்கேதான் விழுந்தன. அரை நாள் எடுக்கும் என்பதால், நேரம் இருந்தால் மட்டும் என்பேன்.

அந்த அரை நாளை 2023இல் திறக்கப்பட்ட பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது மேல். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற காட்ஸ்டன் துறை இருந்த இடத்திலேயே அது நிற்கிறது. அந்த மண்ணில் சுவர் எழுப்பாமல், கட்டடம் முழுவதையும் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே, கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிக் கிடத்தப்பட்ட மனித உருவங்களைத் தரையில் வடித்து, அவற்றின்மேல் நீர் ஏறி இறங்கும்படி செய்திருக்கிறார்கள். அங்கிருந்து சந்தைக்கு நடந்தால், அந்த அடிமைகளின் வழிவந்த கல்லா–கீச்சி மக்கள் ஒருவகைப் புல்லைச் சுருட்டித் தைத்துக் கூடை முடைவதைப் பார்க்கலாம். அந்த முடைதலின் பழைய வடிவம் நெல் புடைக்கும் முறம்தான். விலை மிக அதிகம் என்று தோன்றும். ஒரு கூடைக்கு எத்தனை நாள் வேலை என்று கேட்ட பிறகு பேரம் பேச மனம் வராது.

இனிச் சாப்பாடு. எல்லோரும் 'ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்' என்னும் இறாலும் மக்காச்சோளக் கஞ்சியும் சாப்பிடச் சொல்வார்கள். நன்றாகவே இருக்கும், ஆனால் ஊரின் உண்மையான முகம் அதன் சோற்றில் இருக்கிறது. தக்காளியில் வேகும் சிவப்புச் சோறு, காராமணி வகைப் பயறு சேர்த்த 'ஹாப்பிங் ஜான்', புலாவுக்கு உறவான 'பெர்லூ', வெண்டைக்காய் சூப் ஆகிய எல்லாவற்றின் வேரும் மேற்கு ஆப்பிரிக்க அடுப்பில் இருக்கிறது. உங்களுக்கு நண்டு பிடிக்கும் என்பதால், பிளேக் தெருவில் உள்ள ஹானிபல்ஸ் கிச்சனில் நண்டுச் சோறு சொல்லுங்கள். மேசை விரிப்பு எதிர்பார்க்காதீர்கள். நண்டுச் சினையும் பாலேடும் ஷெர்ரி மதுவும் சேரும் 'ஷீ கிராப்' சூப்பை ஒரு கிண்ணத்துக்கு மேல் நம்மால் சாப்பிட முடியாது. குளிர்காலமாக இருந்தால் ஃபாலி கடற்கரைக்குப் போகும் வழியில் போவன்ஸ் ஐலண்டு உணவகத்தில் சிப்பிகளைக் கொத்தோடு வேகவைத்துத் தருவார்கள்.

விலை உயர்ந்த உணவகம் ஒன்றுக்குப் போவதானால், 'கரோலினா கோல்டு' அரிசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு காலத்தில் இந்த ஊரைச் செல்வத்தில் மிதக்கவிட்ட நெல் அது. அடிமை முறை ஒழிந்த பிறகு தேய்ந்து, 1910, 1911 ஆண்டுகளின் புயல்களோடு வணிகப் பயிராக ஏறக்குறைய மறைந்தே போனது. 1980களில் சவானா நகரத்துக் கண் மருத்துவர் ஒருவர் அரசு விதைக் காப்பகத்திலிருந்து விதை பெற்றுத் தம் நிலத்தில் மீண்டும் விளைவித்தார். அவருடைய முதல் நோக்கம் வாத்துகளை வயலுக்கு வரவழைப்பது என்பதை நீங்கள் ரசிப்பீர்கள். அந்த அரிசிச் சோறு அந்த ஊர்ப் பக்குவத்தில் பருக்கை பருக்கையாகப் பிரிந்து நிற்கும். ரசத்துக்குக் குழைந்த சோறு தேடும் அத்தைக்குக் குறை தோன்றலாம்.

அத்தையின் சைவம் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது. கீரையைப் பன்றி எலும்போடு வேகவைப்பார்கள். சிவப்புச் சோற்றிலும் பயற்றிலும் உப்பிட்ட பன்றி இறைச்சி சேரும். அங்கே 'பிஸ்கட்' என்னும் மெத்தென்ற ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். 'இறைச்சி உண்டா' என்று மட்டும் கேட்காமல், 'எந்தச் சாற்றில், எந்தக் கொழுப்பில் சமைத்தது' என்று கேளுங்கள். பொரித்த பச்சைத் தக்காளி, பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனி, சாதாரணக் கிரிட்ஸ் ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும்; அவற்றையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் உப்பிட்டு அவித்த வேர்க்கடலை விற்பார்கள். அதை மட்டும் கேள்வி இல்லாமல் வாங்கலாம். எள் பதித்த 'பென்னி' பிஸ்கட்டில் முட்டை உண்டு.

கோடையின் புழுக்கம் நம் ஊர்க் கடலோரத்துக்குச் சளைத்ததன்று. பொடிக்கொசுத் தொல்லையும் உண்டு. அக்டோபர் கடைசி அல்லது மார்ச் மாதம் நல்லது. மே மாதக் கடைசியில் ஸ்போலெட்டோ கலைவிழா தொடங்கும்போது அறை வாடகை எகிறிவிடும். பெரிய ஓதம் உள்ள நாட்களில் மழை இல்லாமலே சில தெருக்களில் நீர் ஏறும் என்பதால், வண்டியை நிறுத்தும் இடத்தைப் பார்த்து நிறுத்துங்கள். வார இறுதிக்கு உணவகங்களில் பல வாரங்களுக்கு முன்பே இடம் சொல்லி வைக்க வேண்டும். எனவே நாள் முடிவானதும் எனக்குத் தெரிவியுங்கள், இங்கிருந்தே பதிவு செய்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்