புரூன்கேயர் செய்முறையை மீட்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

டென்மார்க்கில் நத்தார் காலத்தில் சுடும் மெல்லிய பழுப்பு பிஸ்கட்தான் புரூன்கேயர். ஒரு டெனிஷ் குடும்பத்தின் பழைய கொப்பியில் இருந்த அதன் செய்முறை இன்றைய அளவுகளில் முழுமையாக எழுதப்பட்டுவிட்டது. அதற்கு உதவிய ஒவ்வொருவருக்கும் எங்கள் சமையல் வட்டத்தின் சார்பில் இம்மடல்.

முதலில், கொப்பியை நம்பித் தந்த அயல்வீட்டு அம்மா. குடும்பத்தின் கையெழுத்துப் பொக்கிசத்தை வெளியாரிடம் கொடுக்கப் பெரிய மனம் வேண்டும். அது உங்களிடம் இருந்தது.

பழைய கோதிக் எழுத்தை வரிவரியாக வாசித்துத் தந்த ஆசிரியர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. புண்ட், அதன் சிறு பங்கான குவின்ட் என்ற பழைய டெனிஷ் நிறைகளையும் நீங்கள்தான் விளக்கினீர்கள். ஒரு புண்ட் 500 கிராம், அதில் குழப்பமில்லை. குவின்ட்தான் சிக்கல். 1861க்கு முன் ஒரு புண்டுக்கு 128 குவின்ட், அதன்பின் 100. கொப்பி பிந்திய காலத்தது என்பதால் ஒரு குவின்ட் 5 கிராம் என்று கொண்டோம். அப்படிக் கிடைத்த கணக்கு: கோதுமை மா 500 கிராம், பட்டர் 250, பழுப்புச் சீனி 250, கறுத்த சீனிப்பாகு 125, முழுப் பாதாம் 100, மாவைப் பொங்கவைக்கச் சேர்க்கும் பொட்டாஸ்க என்ற தூள் ஒன்றரைக் குவின்ட், அதாவது 7.5 கிராம். கறுவாத்தூள் இரண்டு தேக்கரண்டி, கராம்புத்தூளும் வேர்க்கொம்புத்தூளும் ஒவ்வொன்று, பொடியாக நறுக்கிய கசப்புத் தோடம்பழத் தோல் ஒரு மேசைக்கரண்டி.

மருந்தகத்தில் வேலை செய்யும் தங்கைக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. பொட்டாஸ்க என்பது பொட்டாசியம் காபனேற்று. அது தானாகப் பொங்காது. பாகிலும் ஊறும் மாவிலும் இருக்கும் புளிப்போடு சேர்ந்தே வாயு விடும். மா குளிரில் சில நாட்கள் ஊற வேண்டும் என்று கொப்பி சொல்வதன் காரணம் உங்கள் விளக்கத்தில்தான் பிடிபட்டது. பொட்டாஸ்க பிஸ்கட்டை அகலமாக விரித்து, மொறுமொறுப்பாக்கும். அதற்குப் பதில் யோர்டெதாக்சால்ட், அதாவது அமோனியம் இருகாபனேற்று, போட்டால் மா மேல்நோக்கி எழும்பும். சுவையும் வேறு, கடியும் வேறு. இந்தப் பிஸ்கட்டுக்கு அது சரிவராது என்பதே எங்கள் முடிவு. பொட்டாஸ்கவை ஒரு மேசைக்கரண்டி சுடுநீரில் முழுதாகக் கரைத்த பிறகே சேர்க்க வேண்டும். கரையாத துகள் கரும்புள்ளியாகி, நாக்கில் சவர்க்காரம்போல் கசக்கும். போத்தலைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும், நிறையும் பிழைக்கும்.

பட்டர், சீனி, பாகு மூன்றையும் உருக்கினால் போதும், கொதிக்கவிடக் கூடாது. கொதித்தால் பிஸ்கட் பல்லுடைக்கும். கைச்சூட்டுக்கு ஆறிய பிறகே பொட்டாஸ்க நீர், பிறகு வாசனைத் தூள்களும் தோலும் பாதாமும், கடைசியில் மா. சூட்டோடு மாவைக் கொட்டினால் பட்டர் பிரிந்து எண்ணெய் கசியும். முதலில் குழை தளர்வாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மேலும் மா சேர்க்காதீர்கள், குளிரில் இறுகிவிடும்.

வெட்டும் வித்தையைக் காட்டிய பேக்கரி அண்ணாவுக்கும் நன்றி. பாதாமைச் சுடுநீரில் ஊறவைத்துத் தோலுரித்து, ஈரம் துடைத்துச் சேர்த்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த பாதாம் குழையை இழுத்துக் கிழிக்கும். தாள் விரித்த பாண் தட்டில் குழையை அழுத்திக் குளிரவைத்து, வெட்டுமுன் அரைமணிநேரம் உறைகுளிரில் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். துண்டு 2 முதல் 3 மில்லிமீற்றர். தடிப்பு ஒன்றுபோல் இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் சவசவ என்று இருக்கும். 200 பாகையில் நடுத்தட்டில் 5 முதல் 7 நிமிடம், விசிறி ஓடும் அவண் என்றால் 180. கடைசி நிமிடம் அடுப்பை விட்டு நகர வேண்டாம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். கம்பித்தட்டில் ஆறும்போது மொறுமொறுப்பாகும்.

கிராமில் எழுதிய பிரதியும் ஒரு தகரப்பெட்டி பிஸ்கட்டும் நத்தாருக்கு முன் உங்கள் வீடுகளுக்கு வரும். மூடியை இறுக்கி மூடி வையுங்கள். பதம் விட்டால் 150 பாகையில் நான்கு நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள்.

அன்புடன்,
சமையல் வட்டத்தினர்