மட்டன் ஃபுல்னா எத்தனை கிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஈசிஆர் பக்கம் கூரை போட்ட மந்திக் கடைங்க, அதாவது சோறும் கறியும் ஒரே பெரிய தட்டுல வைக்கிற அரபுச் சாப்பாட்டுக் கடைங்க, பெருகிட்டு வர்றத பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. படமெல்லாம் கண்ணுக்கு குளிர்ச்சியாத்தான் இருந்துச்சு, கயித்துக் கட்டில், அரிக்கேன் விளக்கு, சுவத்துல சாய்ச்சு வச்ச மாட்டுவண்டி சக்கரம், நடுவுல பெரிய தட்டு, சுத்தி உக்காந்து சிரிக்கிற குடும்பம். ஆனா அந்த தட்டுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, அதுக்கு எவ்வளவு வாங்குறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரே தட்டுல நாலு பேரு ஆறு பேருன்னு சாப்பிட வைக்கிற கடைங்க அந்த தட்டுல எத்தனை கிராம் கறி வச்சிருக்கு, எத்தனை பேருக்கு போதும்னு மெனு கார்டுலயே அச்சடிக்கணும்.

இந்த கடைங்களுக்கு போயிருக்கிறவங்களுக்கு தெரியும், மெனுல குவாட்டர், ஆஃப், ஃபுல்னு மூணு வரிதான் இருக்கும். சிக்கனுக்கு அது சரி, ஃபுல்னா ஒரு முழு கோழி, ஆஃப்னா பாதி, குழந்தைக்கு கூட புரியும். கோழி சின்னதா பெருசாங்கிறது வேற விஷயம், அத விடுங்க. மட்டனுக்கு ஃபுல்னா என்ன அர்த்தம்? முழு ஆட்டையா கொண்டாந்து வைக்கப் போறாங்க? எதோட ஃபுல், எதோட ஆஃப்? நான் ரெண்டு மூணு கடையில கேட்டுப் பாத்துட்டேன், ஒருத்தர் "நாலு பேர் தாராளமா சாப்பிடலாம் சார்"ங்கிறாரு, இன்னொருத்தர் "பீஸ் வரும் சார்"ங்கிறாரு, எத்தனை பீஸ்னா "அது கிச்சன்ல போடுறத பொறுத்து"ங்கிறாரு. ரெண்டாயிரத்து சொச்சம் ரூபா கொடுத்து வாங்குற ஒரு பொருளுக்கு அளவே கிடையாதுங்கிறத வேற எந்த வியாபாரத்துலயாவது ஒத்துக்குவோமா?

சமீபத்துல கோவளம் தாண்டி அப்படி ஒரு கடைக்கு குடும்பத்தோட போனோம், பேரு வேண்டாம். நானும் வீட்டுக்காரியும், உம்மா (எங்க அம்மா), மச்சான், ரெண்டு பிள்ளைங்க, ஆக ஆறு பேரு. ஒரு மட்டன் ஃபுல், ஒரு ஆஃப் சிக்கன், குடிக்க ஜூஸ். தட்டு வந்தப்போ நிஜமாவே கம்பீரமா இருந்துச்சு, ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்தாரு அந்த தம்பி, சோத்து மேல வறுத்த முந்திரி, திராட்சை, வெங்காயம், நடுவுல ஒரு சின்ன கிண்ணத்துல கங்கு போட்டு அதுல எண்ணெய ஊத்தி மூடிக் கொண்டாந்திருந்தாங்க, மூடியத் திறந்ததும் குபுகுபுன்னு புகை, பிள்ளைங்க கை தட்டுச்சுங்க. புகை அடங்குனதுக்கப்புறம் எண்ணிப் பாத்தா மட்டன் மொத்தம் அஞ்சு துண்டு. அதுல ஒண்ணு முன்னங்கால் எலும்போட, ஒண்ணு கழுத்து எலும்பு, அதுல கடிக்கிறதுக்குன்னு பெருசா ஒண்ணுமில்ல. உம்மா ஒரு ஓரமா சோத்தை விலக்கிப் பாத்துட்டு, "ஏன் வாப்பா, மிச்ச கறி அடியில இருக்குதா"ன்னு கேட்டாங்க. அடியிலயும் சோறுதான். கறி வெந்த பதம் அருமை, தொட்டா எலும்ப விட்டு கழண்டு வந்துச்சு, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா அஞ்சு துண்டு கறிக்கு ரெண்டு கிலோ இருக்குமோன்னு தோணுற மாதிரி சோறு, அதுல முக்காவாசி மிஞ்சிப் போச்சு. தட்டை நிரப்பிக் காட்டுறதுக்காக சோத்தை குமிச்சு வைக்கிறதும், அது மிஞ்சி குப்பைக்கு போறதும் எப்படி பாத்தாலும் நியாயமில்ல. பார்சல் கட்டித் தாங்கன்னா அதுக்கு டப்பாவுக்கு தனி காசு.

அடுத்தது பில்லு. சாப்பாடு 3,400 ரூபா, அது கார்டுல போட்டிருந்த விலை, அத பத்தி பேச்சில்ல. அதுக்கு கீழ 'எக்ஸ்ட்ரா பெர்சன்'னு ரெண்டு பேருக்கு நூறு நூறா 200. அதாவது நாலு பேர் தட்டுல ஆறு பேரு கை வச்சுட்டோமாம். மேனேஜர்கிட்ட கேட்டா சூப்பும் சாலட்டும் மயோனைசும் கேக்க கேக்க தர்றோம் சார் அதுக்குத்தாங்கிறாரு. சரி, அவர் பக்கம் அதுல ஒரு நியாயம் இருக்குன்னே வச்சுக்குவோம், ஆனா அத உக்காரும்போதே சொல்லணுமா இல்லையா, ஆர்டர் எடுக்க வந்தவருக்கு நாங்க ஆறு பேருன்னு கண்ணு தெரியலையா? அதுக்கும் கீழ சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 360. அப்புறம் எல்லாத்தையும் கூட்டி 3,960-க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, 198. மொத்தம் 4,158. கார்டுல இருந்த விலைக்கு மட்டும் ஜிஎஸ்டி போட்டிருந்தா 3,570-தான் வந்திருக்கும். 588 ரூபா எங்கேயிருந்தோ முளைச்சு வந்துருக்கு.

இந்த சர்வீஸ் சார்ஜ் விஷயத்துல இன்னும் நிறைய பேருக்கு தெளிவு இல்ல, அதனால எழுதுறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-லயே சொல்லிட்டாங்க, ஹோட்டல்காரங்க தானா பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேற பேருலயும் வாங்கக் கூடாது, அத சாப்பாட்டு பில்லோட கூட்டி அதுக்கு மேல ஜிஎஸ்டியும் போடக் கூடாதுன்னு. ஹோட்டல் சங்கங்க கோர்ட்டுக்கு போனாங்க, டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச் 28-ல அந்த வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிருச்சு. நான் இத சொன்னதும் மேனேஜர் ஒரு வார்த்தை பேசல, கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டி 360-ஐ எடுத்துட்டு புது பில்லு கொடுத்துட்டாரு. அப்ப அவங்களுக்கு தெரிஞ்சுதானே போடுறாங்க? கேக்கிறவனுக்கு எடுத்துடலாம், கேக்காதவன்கிட்ட வாங்கிக்கலாம்னு ஒரு கணக்கு. மேனேஜர் எடுக்க மாட்டேன்னா 1915-க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அதுதான்.

சர்வீஸ் சார்ஜுக்காவது கைகாட்ட ஒரு விதி இருக்கு. கறி அளவுக்குத்தான் ஒண்ணும் இல்ல.

நான் காயல்பட்டினத்துக்காரன், பொழைப்புக்காக மண்ணடியில இருக்கேன். ஒரே தட்டுல சேர்ந்து சாப்பிடுறது எங்களுக்கு புதுசு இல்ல, ஊர்ல கல்யாணம்னா களறி சாப்பாடு, சஹன்ங்கிற பெரிய தட்டுல ரெண்டு மூணு பேரா உக்காந்து சாப்பிடுறதுதான் வழக்கம், கீழக்கரையிலயும் அப்படித்தான். பாய் விரிச்சு வரிசையா உக்காருவோம், சோறு, களறிக் கறி, கத்திரிக்கா மாங்கா. அவங்கவங்க பக்கத்துலேருந்துதான் எடுத்து சாப்பிடணும், எதிர்ல இருக்கிறவரு பக்கம் கை நீட்டக் கூடாது. கூட ஒரு பெரியவர் இருந்தா கறிய பிச்சு பிச்சு சின்னப் பையன் பக்கம் தள்ளி விடுவாரு, தான் எலும்ப வச்சு ஓட்டிக்குவாரு. பரிமாறுறவங்க சட்டியோட சுத்தி சுத்தி வருவாங்க, குறைஞ்சா வைப்பாங்க, அதனால முதல்லயே மலை மாதிரி குமிக்க வேண்டிய அவசியமே இல்ல, மிஞ்சுறதும் கம்மி. அங்க கணக்கு யாரும் பாக்கிறதில்ல, ஏன்னா அது விருந்து, காசு வாங்குறதில்ல. காசு வாங்குற இடத்துல கணக்கு இருக்கணும். விருந்தோட தோற்றத்த மட்டும் எடுத்துக்கிட்டு, விருந்துல யாரு கணக்கு கேப்பாங்கன்னு நம்ம வாயையும் அடைக்கிறது எனக்கு ஒப்பல.

காசுக்கு விக்கிறவங்களும் நேர்மையா அளவு சொல்லலாம்ங்கிறதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், கொழும்புல கேட்டரிங்காரங்ககிட்ட சஹன் சாப்பாடு சொன்னா ஒரு சஹன் 6 பேருக்குன்னு சொல்லித்தான் விலை பேசுவாங்க. உள்ள முழு கோழி ரோஸ்ட் வருமா, வட்டலப்பம்ங்கிற இனிப்பு சேர்த்தியா இல்லையான்னு எல்லாத்தையும் முதல்லயே பேசிடலாம். அந்த அளவுக்கு ஒரு வழக்கம் இங்க ஏன் வரல?

மந்தி நம்ம ஊருக்கு வந்த வழி பெரிய வழி. ஏமன் நாட்டு ஹள்ரமவுத் பக்கத்து சாப்பாடு அது, நிஜாம் படையில வேலைக்கு வந்த அந்த ஊர் அரபிங்க வாரிசுங்க வாழுற ஹைதராபாத் பார்கஸ்ல ஒரு பக்கம் வேர் விட்டுச்சு, கல்ஃபுக்கு போய்ட்டு வந்தவங்க மூலமா மலப்புரம் பக்கம் குழிமந்தியா இன்னொரு பக்கம் வளந்துச்சு, அங்கேயிருந்து நம்ம ஹைவேக்கெல்லாம் வந்துருச்சு. முறையா செஞ்சா குழியில விறகு எரிச்சு கங்காக்கி, கீழ அரிசிப் பானை, மேல கம்பியில கறி, வாய இறுக மூடிடுவாங்க, கறியிலேருந்து சொட்டுற கொழுப்பும் சாறும் சோத்துல இறங்கும். அதுதான் ருசி. கறி குறைஞ்சா சொட்டுறதும் குறையும், சோறு வெறும் மசாலா வாசனையோட நிக்கும், அப்புறம் அத மறைக்கத்தான் அந்த கங்கு கிண்ணமும் புகையும் வேண்டியிருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதே மாதிரி சோத்துல அங்கங்க தெரியிற ஆரஞ்சு கலரு, அது குங்குமப்பூன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. செயற்கை கலர் பொடிய சோத்துல போட அனுமதியே கிடையாது. மயோனைசும் கேட்டு சாப்பிடுங்க, பச்சை முட்டையில செய்யிற மயோனைசுக்கு தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8-லேருந்து ஒரு வருஷத்துக்கு தடையே போட்டாங்க, தடை இருக்கோ இல்லையோ முட்டை சேர்த்ததா சேக்காததான்னு சொல்ல வேண்டியது கடைக்காரர் பொறுப்பு.

கிராமுக்கு வர்றேன். உணவு பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதிப்படி 10 கிளையோ அதுக்கு மேலயோ இருக்கிற ஹோட்டல் கம்பெனிங்க ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எத்தனை கலோரி, ஒரு பரிமாறலோட அளவு என்னன்னு மெனுல காட்டணும், 2022 ஜூலையிலேருந்து அமல்ல இருக்கு. பர்கர் கடைக்கு இருக்கிற இந்த கட்டாயம் தனியா ஒரே ஒரு கூரை போட்டு நடத்துற கடைக்கு கிடையாது. ஆனா பர்கர் ஆளுக்கு ஒண்ணு, கண்ணால பாத்தாலே அளவு தெரிஞ்சிரும். அளவு தெரியாம போறது இந்த மாதிரி கூட்டுத் தட்டுலதான், கட்டாயம் அதிகமா தேவைப்படுறதும் இங்கதான். அஞ்சு ரூபா பிஸ்கெட் பாக்கெட்டுல நிகர எடை போடலன்னா தொழிலாளர் துறைக்காரங்க வந்து வழக்கு போடுறாங்க. இதுக்கும் ஒரு வழி அந்த துறையும் உணவு பாதுகாப்பு துறையும் சேர்ந்து யோசிக்கலாமே.

ஹோட்டல்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு தெரியும். கறி வேகும்போது சுண்டும், ஒரு நாள் கொழுப்பு அதிகம் வரும் ஒரு நாள் எலும்பு அதிகம் வரும், தராசு வச்சு பரிமாற முடியுமான்னு. வெந்த எடை வேண்டாங்க, வேகுறதுக்கு முன்னாடி எலும்போட இத்தனை கிராம்னு போடுங்க போதும். ஆடு வாங்கும்போது எடை போட்டுத்தானே வாங்குறீங்க, ஒரு நாளைக்கு இத்தனை கிலோ இறக்குனா இத்தனை ஃபுல் போடலாம்னு உங்க மாஸ்டருக்கு மனப்பாடமா தெரியும். கிச்சனுக்குள்ள இருக்கிற அந்த கணக்கைத்தான் மெனு கார்டுக்கு கொண்டாங்கங்கிறேன். மட்டன் விலை ஏறிருச்சு அதனால அளவு குறையும்னா அதையும் எழுதிருங்க, ஜனங்க புரிஞ்சுக்குவாங்க. நல்லா செய்யிற கடைங்களுக்கு இதுல லாபம்தான், ஒன்றரை கிலோ வைக்கிறவனும் முக்கால் கிலோ வைக்கிறவனும் இப்போ ஒரே ஃபுல்லு, ஒரே விலை.

இன்னொன்னு, இது சட்டம் கேட்டு இல்ல, மனுஷத்தனம் கேட்டு. தரையில உக்கார வைக்கிறது அழகுதான், ஆனா முட்டி வலி இருக்கிறவங்களுக்கு ஒரு நாலு மேசையாவது போடுங்க. எங்க உம்மா ஒரு தூணைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க பட்ட பாடு போதும்.

பில்லு ரெண்டையும், முதல்ல கொடுத்ததையும் திருத்திக் கொடுத்ததையும், இந்த லெட்டரோட இணைச்சிருக்கேன், கடை பேரை மட்டும் பேனாவால அடிச்சிருக்கேன். உங்க நிருபர் யாராவது ஒரு தராசோட பத்து மந்திக் கடைக்கு போய் ஒவ்வொரு மட்டன் ஃபுல்லையும் நிறுத்துப் பாத்து விலையோட போட்டா, போன வாரம் படம் வந்த அதே பக்கத்துல, ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
காயல்பட்டினத்து வாசகர் ஒருவர்,
மண்ணடி, சென்னை