வசந்திக்கு, அண்ணனை நாளைக்கே கூட்டிப்போகச் சொல்லி

கும்பகோணம்
22.8.2021, ஞாயிறு

அன்புள்ள வசந்தி,

உன் மெயிலை நேற்று ராத்திரி 11 மணிக்குத்தான் பார்த்தேன். காலையில் இரண்டு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அண்ணன் பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் 'சரி சரி' என்றுதான் சொல்லியிருப்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தனியாக இருக்கும்போது படி.

அண்ணனுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது, இரண்டு வாரமாக இப்படித்தான் என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் போனில் கேட்டுவிட்டு, நேரில் வாருங்கள், இ.சி.ஜி. எடுக்கணும் என்று சொல்லிவிட்டார். கொரோனா மூன்றாவது அலை வரும் என்கிறார்களே, ஆஸ்பத்திரிக்குப் போய் எதையாவது ஒட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று அண்ணன் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஏனென்றால் மே மாதம் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. பேசியது நான்.

அம்மா காலில் ஆபரேஷன் ஆயிற்று, இப்போது பரவாயில்லை என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். முழுதாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

போன வருஷம் லாக்டவுனில் போன் வைத்தியம் எங்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்தது தெரியுமா? ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25ஆம் தேதிதான் போனிலும் வீடியோவிலும் மருத்துவம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்கு முன்னால் போனில் மருந்து சொல்வது சரியா தப்பா என்று டாக்டர்களுக்கே தெளிவில்லாமல் இருந்தது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி என்ற அரசாங்க வீடியோ வைத்தியம் வந்தது. செல் நம்பரைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும், அப்புறம் டோக்கன், கொஞ்ச நேரம் காத்திருந்தால் திரையில் டாக்டர். காசு கிடையாது. மருந்துச் சீட்டும் போனிலேயே வந்துவிடும். அந்த டிசம்பரில் நாடு முழுக்க 10 லட்சம் பேர் அதில் பார்த்திருந்தார்கள், அதில் 3 லட்சத்துக்கு மேல் நம் தமிழ்நாடுதான். அந்தக் கணக்கில் அம்மாவும் உண்டு. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, வெயிலுக்குக் குடை பிடித்து உட்காரவைத்தேன். பிரஷர் மெஷின் காட்டியதையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் நான் படித்துச் சொல்ல, அந்தப் பெண் டாக்டர் பொறுமையாக எழுதிக்கொண்டார். அம்மா வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையை மட்டும் தரமாட்டேன், போனில் எழுதக்கூடாத பட்டியலில் அது இருக்கிறது என்றார். அம்மாவுக்கு வருத்தம்தான். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இவ்வளவு நன்றாக நடந்ததில், எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடலாம் என்று நம்பிவிட்டேன். நான் பண்ணிய தப்பு அதுதான்.

மே மாதம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லவேண்டாம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று சாவு. அந்த நேரத்தில் அம்மாவின் வலது கால் சுண்டுவிரல் ஓரம் செருப்பு வார் உரசி ஒரு புண். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். வலிக்கவில்லை என்றாள். எப்போதும் பார்க்கும் சர்க்கரை டாக்டருக்கு வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினேன். இப்படித் திருப்புங்கள், அப்படித் திருப்புங்கள், லைட்டைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள் என்று பார்த்துவிட்டு, "இதை நான் தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

நான் கூட்டிப்போகவில்லை, வசந்தி. அம்மாவுக்கு அப்போது ஒரு தடுப்பூசிகூடப் போடவில்லை. எழுபத்து மூன்று வயதில் கொரோனா வந்தால் தாங்கமாட்டாள் என்று பயம். மஞ்சள் பற்றுப் போட்டேன், ஆயின்ட்மென்ட் தடவினேன். வலியே இல்லையே என்று ஒன்பது நாள் ஓட்டினேன். பத்தாம் நாள் காலையில் குளிர்ஜுரம். கட்டைப் பிரித்தபோது வந்த வாடையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கிளினிக்கில் டாக்டர் மெல்லிய நைலான் இழை மாதிரி ஒன்றை எடுத்தார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாக அதால் தொட்டு, "இப்போ தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் தொடுகிறார், நான் பார்க்கிறேன், அம்மா வாயே திறக்கவில்லை. குதிகாலுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் "ம், தெரியுது" என்றாள். வலிக்கவில்லை என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சர்க்கரையில் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. தோல் காய்ப்புக்கு அடியில் சீழ் எலும்புவரை போயிருந்தது. எந்தக் கேமராவில் அது தெரிந்திருக்கும்? சுண்டுவிரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. முன்னாடியே வந்திருந்தால் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ராத்திரியில் சில சமயம், இல்லாத அந்த விரல் அரிக்கிறது என்று எழுப்புவாள். எழுந்து உட்கார்ந்து அவள் காலைத் தடவிக்கொடுப்பேன்.

இன்னொன்று. நான் அவ்வளவு பயந்தேனே, அந்தக் கிளினிக் எப்படி இருந்தது தெரியுமா? போனில் டோக்கன். எங்கள் முறை வரும்வரை வேப்பமரத்து நிழலில் ஆட்டோவிலேயே இருக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு நேரத்தில் ஒரு நோயாளி, கூட ஓர் ஆள். ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களுக்கு வேறு வாசல், வேறு நேரம். அத்தனை தடவை டிரெஸ்ஸிங்குக்குப் போய்வந்தும் எங்கள் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

அதனால் நீயும் இப்படிச் செய். நாளைக்குக் காலையில் கிளினிக்குக்குப் போன் பண்ணி முதல் டோக்கன் கேள், அப்போது கூட்டம் இருக்காது. காத்திருப்பது வெளியிலா உள்ளேயா என்றும் கேட்டுக்கொள். இரண்டு பேரும் என்95 மாஸ்க் போட்டு, மூக்குக் கம்பியை நன்றாக அழுத்திவிடுங்கள், துணி மாஸ்க் வேண்டாம். பழைய ரிப்போர்ட், போடும் மாத்திரைகள், எப்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. உள்ளே பேசவேண்டிய நேரம் பாதியாகக் குறையும். அண்ணனுக்குத்தான் இரண்டு ஊசியும் போட்டாயிற்றே, அம்மாவுக்கு அன்று இல்லாத பாதுகாப்பு அவருக்கு இருக்கிறது. பார்த்து வந்தபிறகு மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் தாராளமாகப் போனில் கேட்டுக்கொள்ளலாம். நெஞ்சில் இ.சி.ஜி. ஒயரைப் போன் வழியாக ஒட்ட முடியாது.

நடுவில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடைத்தாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, கையிலோ தாடையிலோ வலி இழுத்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. நேராக 108. அவர் வேண்டாம் என்றாலும் கூப்பிடு.

அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடக்கிறாள். இந்த மாதம் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்தாரே, மக்களைத் தேடி மருத்துவம், அதில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். அம்மா பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் மாதம் ஒரு தடவை காலைக் காட்ட நான் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

அண்ணன் முரண்டு பிடித்தால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடு, படிக்கட்டும். நான் கோபித்துக்கொண்டதாகவும் சொல். நாளை மதியம்வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன். இ.சி.ஜி. எடுத்ததும் முதல் வேலையாக அந்தத் தாளைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பு. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று தெரிந்தால் போதும்.

உன்,
கோமதி