தேவகோட்டை அக்காவுக்கு

போன வாரம் காரைக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் என் அப்பத்தாவுக்கு டிரிப்ஸில் பொட்டாசியம் குளோரைடு ஏறிக்கொண்டிருந்தது. ராத்திரி "கை எரியுதுடா" என்றாள். ஊசி என்றால் எரியத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன், மடையன்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த நீங்கள்தான் எட்டிப் பார்த்தீர்கள். ஊசி இறங்கிய இடத்திலிருந்து மேலே சிவந்து, நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. நான் முழிப்பதற்குள் சிஸ்டரையே கூட்டி வந்துவிட்டீர்கள். அவர் டிரிப்ஸை நிறுத்தி, ஊசியை எடுத்து, மறு கையில் பெரிய நரம்பாகப் பார்த்துப் போட்டார். இந்த மருந்து ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குமாம். சின்ன நரம்பென்றால் இன்னும் மோசமாம். அப்புறம் சிஸ்டர் சொன்னபடி இளஞ்சூட்டு ஒத்தடம். அதுவும் நீங்கள்தான், துணி மட்டும் என்னுடையது.

பெயர் கேட்பதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டீர்கள். நன்றி அக்கா. சிவப்பு வடிந்துவிட்டது. அதே கையால் அப்பத்தா உங்களுக்குக் கைமுறுக்கு சுற்றி வைத்திருக்கிறாள்.