சிவப்புப் புள்ளிக் கொப்பி

ஸ்காபரோ,
18.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? நான் அனுப்பிய காசில் முதலில் அவவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. கூரை வேலையைப் பிறகு பார்க்கலாம். பொங்கலன்று நீ அனுப்பிய படத்தில் கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு மான் நிற்கிறதல்லவா, அதைப் பார்த்துவிட்டு உன் மருமகன் "மாமா மான் வளர்க்கிறாரா?" என்று கேட்டான். திருகோணமலையில் மான்கள் ரோட்டில் நடந்து திரியும் என்று சொன்னேன். இன்னும் முழுசாக நம்பவில்லை. ஊருக்கு வரும்போது கோட்டை வாசலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

வாட்ஸப்பில் தினமும் கதைக்கிறோம், பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சாப்பாடு, ஸ்னோ, அம்மாவின் மருந்து என்று கதைத்து முடிக்கவே நேரம் போய்விடுகிறது. இது கொஞ்சம் நீளமான கதை. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் அவர்களுக்கு விளங்காது.

இங்கே டிசம்பரில் பின்னேரம் 4.40 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வரும்போது இரவு போல இருக்கும். வெளியே போக மனம் வராது. அத்தானோடு வேலை செய்யும் ஒருவர் தன்னுடைய பழைய நிண்டெண்டோ ஸ்விட்சைக் குறைந்த விலைக்கு விற்றார். மகனுக்கென்றுதான் வாங்கினோம். அதில் அவர் வாங்கி வைத்திருந்த கேம்கள் சில அப்படியே இருந்தன. ஒருநாள் இவன் பள்ளிக்கூடம் போன பிறகு, எனக்கு வேலை இல்லாத நாள், தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றைத் திறந்தேன். ஷவல் நைட் என்று பெயர். மண்வெட்டி வைத்திருக்கும் ஒரு கவச வீரனின் கதை.

தம்பி, பாட்டுத் தொடங்கியதும் நான் உவர்மலை வீட்டு முன்னறையில் இருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். 2002இல் போர்நிறுத்தம் வந்த வருடம், சின்ன மாமா கொழும்பிலிருந்து ரீவி கேம் கொண்டுவந்தார். எனக்கு 13 வயது, உனக்கு 9. மஞ்சள் நிறக் கசெற்றுகள். 14 அங்குல ரீவி. பெரியம்மா வீட்டு அண்ணாவும் நீயும் கேம் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருப்பீர்கள். எனக்குக் கதிரையும் கொப்பியும். ராக்மேன் 2 என்ற ரோபோ வீரன் கேமை விளையாடும்போது, ஒரு வில்லனை வென்றதும், விட்ட இடத்திலிருந்து பிறகு தொடங்க ஒரு பாஸ்வேர்ட் வரும். பக்கத்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள், அவற்றில் ஒன்பது சிவப்புப் புள்ளிகள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. அதனால் புள்ளி வந்த உடனே நான் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, சிவப்புப் பேனையால் புள்ளி வைப்பேன். ஒரு புள்ளி பிழைத்தாலும் அடுத்த நாள் திரும்பவும் முதலிலிருந்து. ஒரு தடவைகூட நான் பிழை விட்டதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை இருக்கிறது. ஆனால் ரிமோட்டை நான் கையில் பிடித்த நாட்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும். அதை யாரும் எனக்கு மறுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, நீங்களும் தரவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே 35 வயதில்தான் நான் ஒழுங்காக ஒரு கேம் விளையாடுகிறேன்.

ஷவல் நைட் 2014இல் வந்தது. பார்த்தால் 80களில் வந்ததுபோல இருக்கும். கட்டம் கட்டமான உருவம், கீச்சென்ற பாட்டு, ராக்மேனில் போலவே எட்டு வில்லன்கள், ஒவ்வொருவனுக்கும் ஒரு கோட்டை. மண்வெட்டியைக் கீழே நீட்டிக்கொண்டு எதிரியின் தலையில் குதித்தால் பந்துபோல மேலே எழும்பலாம். அது கைக்கு வந்த பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் சும்மா குதித்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். இது உண்மையில் அந்தக் காலத்து கேம் போல இல்லை. சரியாகப் பார்க்க வேண்டும் என்று ராக்மேனின் பழைய கேம்கள் ஆறும் சேர்ந்த தொகுப்பை வாங்கினேன். ராக்மேன் 2ஐத் தொடங்கிய உடனே அதிர்ச்சி. எதிரிகள் ஒன்றாகக் கூடினால் உருவங்கள் விட்டு விட்டு மினுங்குகின்றன, ஆட்டமே மெதுவாகிறது. நம்முடைய ரீவிதான் பழுது என்று அப்பா எத்தனை தரம் பின்பக்கத்தில் தட்டியிருப்பார்! அது ரீவியின் குற்றமே இல்லை. அந்தக் காலத்து நிண்டெண்டோ மெஷினால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் ஒன்று மறைய வேண்டும். அதனால் ஒவ்வொன்றையும் மாறி மாறி மறைத்துக் காட்டும்படி எழுதியிருக்கிறார்கள். நாம் வைத்திருந்தது அந்த மெஷினின் நகல், அதற்கும் இதே வரம்பு.

ஷவல் நைட்டைச் செய்தவர்கள் அந்த மினுக்கத்தை வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள். திரையையும் இந்தக் காலத்து ரீவிக்கு ஏற்ப அகலமாக்கினார்கள். பழைய மெஷினிடம் இல்லாத சில நிறங்களையும் சேர்த்தார்கள். இசைக்கு மட்டும் பழைய வழிதான், அதிலும் கொனாமி கம்பெனி ஜப்பானில் சில கசெற்றுகளுக்குள் வைத்த ஒரு சிப்பை நினைத்து எழுதியிருக்கிறார்கள். மெஷினால் தனியே ஐந்து ஒலிகள்தான் ஒரே நேரத்தில் எழுப்ப முடியும், அந்தச் சிப் இன்னும் மூன்றைச் சேர்க்கும். என் ஞாபகத்தில் இருந்த ராக்மேன் மினுங்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஷவல் நைட் அந்த ஞாபகத்தைப் போல இருக்கிறது. அதனால்தான் முதல் பாட்டிலேயே நான் முன்னறைக்குப் போனேன்.

இன்னொரு மாற்றம்தான் என்னை அதிகம் தொட்டது. அந்தக் காலத்தில் மூன்று உயிர் போனால் முடிந்தது. நீ எத்தனை தரம் ரிமோட்டை எறிந்துவிட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கிறாய். ஷவல் நைட்டில் உயிர்க் கணக்கே இல்லை. செத்தால் கையிலிருந்த காசில் கொஞ்சம் சிறகு முளைத்த பைகளாகி, விழுந்த இடத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். திரும்பப் போய் எடுக்கலாம். நடுவழியில் விளக்குப்போல ஒரு கம்பம் இருக்கும், செத்தால் அங்கிருந்து தொடங்கலாம். துணிச்சல் இருந்தால் அந்தக் கம்பத்தை உடைத்து உள்ளே இருக்கும் காசை எடுக்கலாம், ஆனால் பிறகு செத்தால் பின்னால் போக வேண்டும். கஷ்டத்தைக் குறைக்கவில்லை. ஒரு பிள்ளையை அழவைத்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். இதைச் செய்தவர்களும் ஒரு காலத்தில் ரிமோட்டை எறிந்துவிட்டு முற்றத்தில் நின்ற பிள்ளைகள்தான் என்று எனக்குத் தோன்றியது.

செலஸ்ட் என்று இன்னொன்று, 2018இல் வந்தது. ஒரு பெண் மலை ஏறுகிறாள், கதை அவ்வளவுதான். மலையும் இந்த நாட்டில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறது. அதன் முதல் வடிவத்தை மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் நான்கே நாளில் செய்தார்களாம். பிகோ-8 என்று இல்லாத ஒரு மெஷினைக் கற்பனையாகச் செய்து வைத்திருக்கிறார்கள், 128க்கு 128 புள்ளி, 16 நிறம் என்று வரம்பு போட்டு. அதில் செய்தது. பெரிய கேமுக்குள்ளேயே அந்தச் சின்ன கேமையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இதில் நீ எத்தனை தரம் விழுந்தாய் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் ஒரு தபாலட்டை வரும். விழுந்த கணக்கைப் பார்த்துப் பெருமைப்படு, விழ விழத்தான் படிக்கிறாய் என்பதுபோல எழுதியிருக்கும். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் எனக்கு யாராவது அப்படி ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம் என்று நினைத்தேன். உச்சியைத் தொட்டபோது என் கணக்கு 2,314. விழுந்த அடுத்த நொடியே திரும்ப எழும்பி நிற்கலாம், காத்திருக்க வேண்டியதில்லை. அதோடு வெளியே தெரியாத கருணை ஒன்றும் உள்ளே இருக்கிறது. விளிம்பிலிருந்து கால் விலகிய பிறகும் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் அழுத்தினால் குதிக்க விடுவார்கள். விளையாடும்போது தெரியாது. ஏதோ நமக்குத் திறமை வந்துவிட்டது என்றுதான் நினைப்போம்.

ஸ்டார்டியூ வேலி அம்மாவுக்குப் பிடிக்கும். தோட்டம் செய்வது, தண்ணீர் விடுவது, மழை வந்தால் அன்றைக்கு வேலை மிச்சம். ஒரே ஆள், எரிக் பரோன், நாலரை வருடமாகத் தனியாகச் செய்தது. படம், பாட்டு, எழுத்து எல்லாம் அவரே. அதைப்பற்றித் தனியாக எழுதுகிறேன்.

எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். பழசு போலக் காட்டினால் போதும், விற்றுவிடலாம் என்று நினைத்துச் செய்தவையும் இருக்கின்றன. ஓரிடத்தில் புள்ளி பெரிதாக இருக்கும், பக்கத்தில் சின்னதாக இருக்கும். இரண்டு பேர் பேசாமல் ஒரு கோலத்தைப் போட்டதுபோல. சிலவற்றில் எழுத்தை வாசிக்கவே கண் வலிக்கிறது. பழைய மெஷினில் 256க்கு 240 புள்ளிகள்தான், வேறு வழி இல்லாமல் அப்படிப் போட்டார்கள். முதல் சூப்பர் மாரியோவை எடுத்துக்கொள். மொத்தக் கசெற்றே 40 கிலோபைட். நீ அனுப்பிய பொங்கல் படம் அதைவிடப் பெரிது. இடம் போதாமல் மேகத்தின் வடிவத்தையே எடுத்து, பச்சை நிறம் பூசிப் புதராக வைத்திருக்கிறார்கள். நாங்கள் அத்தனை தரம் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லையே! அந்த நெருக்கடியில் வந்த அழகு அது. இப்போது நெருக்கடி இல்லாதவர்கள் அதைச் சும்மா மேலோட்டமாகப் பூசினால் தெரிந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் திரும்ப வராது. வாத்துச் சுடும் கேம். துவக்கை அழுத்தும்போது திரை ஒரு கணம் முழுவதும் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துவக்கின் முனையில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் சுட்டது சரி. பழைய பெட்டி ரீவியின் வேகத்தை நம்பிச் செய்தது, இப்போதைய தட்டை ரீவியில் படம் கொஞ்சம் பிந்தி வருவதால் வேலை செய்யாது. அந்தத் துவக்கு வந்த அன்றே அம்மா அதைச் சேலையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தா, ஞாபகம் இருக்கிறதா? தூர இருந்து பார்த்தால் நிசத் துவக்கு மாதிரியே இருந்தது. ஆமி வீட்டைச் சோதனை போட வந்தால் என்ன சொல்வது என்று பயம். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போது எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. இப்போது நானும் ஒரு ஆண்பிள்ளையை வளர்க்கிறேன், அவவின் பயம் நன்றாக விளங்குகிறது. இதை அவவுக்கு வாசித்துக் காட்டு.

உன் மருமகனுக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஏன் அம்மா எல்லாம் சதுரமாக இருக்கிறது?" என்றான். இப்போது பக்கத்தில் வந்து இருக்கிறான். போன கிழமை நான் செலஸ்டில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டபோது, "குடுங்கோ, நான் பார்க்கிறேன்" என்று கையை நீட்டினான். கொடுத்தேன். அவன் முடித்துவிட்டுத் திரும்ப என்னிடமே தந்தான்.

சரி, உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ராக்மேன் 2இல் நீ ஏழு பேரை வென்றுவிட்டு, குயிக் மேனின் கோட்டையில் நின்றுவிட்டாய். மேலிருந்து விழும்போது பக்கவாட்டில் ஒளிக்கோடுகள் பாய்ந்து வரும் இடம். பட்டால் ஒரே அடி. மாதக்கணக்காக முயன்றாய், பிறகு சோதனைப் படிப்பு வந்தது, அப்படியே விட்டுவிட்டாய். அதற்கு வழி இருக்கிறது, தம்பி! பிளாஷ் மேனை வென்றபோது கிடைத்த ஆயுதம் நேரத்தை நிறுத்தும். அதைப் போட்டால் அந்தக் கோடுகளும் நின்றுவிடும். ஆயுதம் உன் கையிலேயே இருந்தது, எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை.

அந்தக் கடைசி பாஸ்வேர்ட் என் கொப்பியில் இருக்கிறது. குசினிக்குப் பக்கத்து அறையில், அப்பாவின் தகரப் பெட்டிக்குள், என்னுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களோடு வைத்த ஞாபகம். நீல மட்டை, சிஆர் கொப்பி. இங்கே இருக்கும் தொகுப்பிலும் அந்த 25 கட்டத் திரை அப்படியே வருகிறது. நான் இங்கே புள்ளிகளை வைத்துத் திறக்கிறேன், நீ வீடியோ கோலில் இருந்து சொல்லு. இந்தத் தடவை ரிமோட் என்னிடம். நீ கொப்பி பார்.

படம் எடுக்கும்போது முற்றத்து வெளிச்சத்தில் வைத்து எடு. சிவப்பு மை மங்கியிருக்கும். ஒன்பது புள்ளியும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா