மேஸ்திரி அண்ணனுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

எங்கள் டைல் பதிக்கும் இயந்திரம் பதித்த தரை, தட்டினால் உள்ளே காற்று நிற்கும் வெற்றுச் சத்தம் தந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி கிளறவில்லை. சனிக்கிழமை பதித்த தரையை எங்கே தட்டினாலும் கெட்டிச் சத்தம்தான். அந்தச் சந்தோஷத்தோடு எழுதுகிறோம்.

மேஸ்திரி அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து பிளாக்கில் வேலை முடித்துக் கிளம்பியவர், ரப்பர் சுத்தியல் பிடியால் எங்கள் தரையைத் தட்டிப் பார்த்தார். பசை இறுகுமுன் ஒரு டைலைப் பெயர்த்துத் திருப்பினார். 600க்கு 600 மி.மீ. விட்ரிஃபைடு டைல். முதுகில் பசை வரிவரியாக நின்றது. வரியின் தலைதான் ஒட்டியிருந்தது, நடுவெல்லாம் காற்று. எங்கள் இயந்திரத்தில் டைலை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் கப், டைலை நேர்கீழாக அழுத்தி அதிரவைக்கும், அவ்வளவே.

“மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் வரி சாயாதுங்க தம்பி. குறுக்கே தள்ளணும்” என்றார்.

விளிம்பில் 10 மி.மீ. பல் வெட்டிய கரணையால் பசையை ஒரே திசையில் நேராக இழுத்தார். சுழற்றி இழுத்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளுமாம். டைலை ஒரு வரி அகலம் தள்ளி இறக்கி, வரிகளுக்குக் குறுக்கே நகர்த்தி, டைல்களுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் 2 மி.மீ. ஸ்பேசரில் கொண்டுபோய் நிறுத்தினார். வரி சாய்ந்து பள்ளத்தை நிரப்ப, காற்று பள்ளம் வழியே ஓடிவிட்டது. பெயர்த்துப் பார்த்தால் முதுகு முழுக்கப் பசை.

இன்னொன்றும் காட்டினார். டைல் முதுகைக் கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் வருகிறது. சூளை உருளையில் ஒட்டாமலிருக்கப் பூசுவது அது. ஈர ஸ்பாஞ்சால் துடைக்காமல் வைத்தால் பசை தூளைத்தான் பிடிக்கும். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதம்கூட நீர் உறிஞ்சாது என்பதால், ஒட்டுவதற்கு அந்த முதுகைவிட்டால் வேறு வழியும் இல்லை.

பிழைப்பில் கைவைக்க வந்த இயந்திரம் என்று சைட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். அப்போதும் இவ்வளவையும் காட்டிவிட்டு, அவர் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

குறுக்கு நகர்வுக்கான எக்சென்ட்ரிக் ஷாஃப்டை (மையம் விலகிச் சுழலும் தண்டு) ராத்திரியோடு ராத்திரியாகக் கடைந்து கொடுத்த கணபதி லேத் பட்டறைக்காரர்கள், தூளைத் துடைக்க ஈர பிரஷ் உருளையைப் பொருத்தியவர்கள், பசையில் ஆடை கட்டுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, கட்டியதைச் சுரண்டி எறிந்த பையன்கள், தளம் கழுவித் தந்த அக்காமார், பவர் போனதும் ஜெனரேட்டரைத் திருப்பிவிட்ட சைட் இன்ஜினியர், எல்லோருக்கும் நன்றி.

இந்த இயந்திரம் ஏழெட்டுக் கிலோ டைலைத் தூக்கிக் குனிந்து வைக்கிற வேலையை எடுத்துக்கொள்ளட்டும். மூலை வெட்டு, சுவரடியில் ஓட்டும் ஸ்கர்ட்டிங், வாசற்படி ஓரம், சாய்வு பார்த்துப் போடும் பாத்ரூம் தரை ஆகியவை அதற்கு வராது. வரும் என்று நாங்கள் யாரிடமும் சொல்லி விற்கப்போவதும் இல்லை. அடுத்த சைட்டில் முதல் வரிசை முடிந்ததும் ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்த பிறகுதான் இரண்டாம் வரிசைக்கு இயந்திரம் நகரும். அண்ணா, பெயர்க்க நீங்கள் வர வேண்டும், அன்றைய கூலி நாங்கள் தருகிறோம்.