தவிட்டில் பூட்டிக் கிடக்கும் துத்தநாகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்குட்டை வைத்திருப்போர் செலவைக் குறைக்கத் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் சம அளவில் கலந்து போடலாம் என்றும், சத்துக் குறையாமலிருக்க மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்பைச் சிறிது சேர்த்தால் போதும் என்றும் தங்கள் வேளாண் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தவிடும் புண்ணாக்கும் நம் ஊரில் நெடுங்காலப் பழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுத் தாது உப்பு பற்றிய யோசனை, நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டதே என்றாலும், கெண்டை இனங்களான கட்லாவுக்கும் ரோகுவுக்கும் நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாட்டுத் தாது உப்பில் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பரசும்தான். மாட்டைப் போலன்றி, மீன் தனக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பங்கைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மீனுக்குத் தீவனத்தின் மூலம் கிடைத்தாக வேண்டியவை பாஸ்பரசும், மிகச் சிறிய அளவில் தேவைப்படும் துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, இரும்பு, செலினியம், அயோடின் ஆகிய நுண்தாதுக்களும்தான். ஒரு கிலோ தீவனத்தில் கெண்டை மீனுக்குத் துத்தநாகம் 15 முதல் 30 மில்லிகிராம், மாங்கனீசு ஏறத்தாழ 13, செம்பு 3 மில்லிகிராம் தேவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தூய பொருள்களால் செய்த சோதனைத் தீவனத்தில் கண்ட கணக்கு இது என்பதை மறந்துவிடக் கூடாது.

தவிட்டிலும் புண்ணாக்கிலும் துத்தநாகம் இல்லாமல் இல்லை. ஆனால் தவிட்டிலுள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் இருக்கிறது. அது துத்தநாகத்தையும் இரும்பையும் இறுகப் பற்றிக்கொள்கிறது. அதை உடைக்கும் நொதி மீனின் குடலில் போதிய அளவு சுரப்பதில்லை. போதாக்குறைக்குக் கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது. தாதுக்களைக் கரைத்துக் கொடுக்கும் அமிலமும் அதனால் இல்லை. இந்த நிலையில் கால்சியத்தை மேலும் கொட்டினால், கால்சியமும் பைட்டேட்டும் சேர்ந்து துத்தநாகத்தை இன்னும் கெட்டியாகப் பிணைத்து, மீனின் கழிவோடு வெளியே தள்ளிவிடும். தாது உப்பு போட்ட திருப்தி வளர்ப்பவருக்கு, பற்றாக்குறை மீனுக்கு.

இது கெண்டைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. முள்ளும் தலையும் மிகுந்த, சாம்பல் சத்து (எலும்பிலுள்ள கால்சியம் போன்ற தாது) அதிகமுள்ள மீன்தூளைத் தின்ற வானவில் டிரவுட் மீன்களுக்குக் கண்புரை வந்ததையும், துத்தநாகம் கூட்டியபோது அது தடுக்கப்பட்டதையும் 1979ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். கருவாட்டுத் தூள் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல மீன்தூள் நுண்தாதுக்களுக்குச் சிறந்த மூலம்தான்; வெறும் எலும்புத் தூளுக்கு அந்தப் பெருமை கிடையாது.

'எங்கள் தாத்தா காலத்தில் எந்தத் தாதுவும் போடாமலே மீன் வளரவில்லையா?' என்று பணிக்காலத்தில் என்னிடம் கேட்காத ஊரில்லை. வளர்ந்தது உண்மை. சாணம் போட்ட குளத்தில் குறைவாக மீன் விட்டிருந்தார்கள். மிதவை உயிரிகள், புழு, பூச்சி, நத்தை எல்லாம் வேண்டிய தாதுக்களைக் கொடுத்தன. இன்று அதே பரப்பில் பல மடங்கு குஞ்சுகளை விடுகிறோம். இயற்கை உணவு பங்கிட்டுக் காணாமல் போகிறது. தீவனப் பையில் இருப்பதுதான் மீனுக்கு எல்லாமும். பசி குறைந்து, வளர்ச்சி நின்று, துடுப்பும் தோலும் அரிபடத் தொடங்கிய பிறகு நோய் மருந்து தேடி ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது தீவனத்தின் தாதுச் சத்தைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

அதற்காகக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடவும் கூடாது. செலினியம் கெளுத்திக்கு ஒரு கிலோ தீவனத்தில் கால் மில்லிகிராம் போதும். 15 மில்லிகிராமை எட்டினால் அதுவே நஞ்சு. எனவே மீனுக்கென்று செய்த நுண்தாதுக் கலவையை, தராசில் நிறுத்து, முதலில் சிறிது தவிட்டோடு கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தோடு சேர்ப்பதே முறை. தவிட்டையும் புண்ணாக்கையும் இரவு முழுவதும் ஊறவைத்துப் புளிக்கவிட்டால் பைட்டேட் ஓரளவு குறையும். கோழித் தீவனத்துக்கு விற்கும், பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதியும் உதவும். சூட்டில் அது கெட்டுவிடும் என்பதால், வேகவைக்காத பண்ணைத் தீவனத்துக்கே பொருத்தமானது.

நான் பார்த்த தீவனப் பைகளில் புரதம், கொழுப்பு, நார், ஈரம் ஆகிய நான்கையும் அச்சிட்டிருந்தார்கள். துத்தநாகம் எவ்வளவு, எந்த உப்பாகச் சேர்த்தது என்ற வரி எதிலும் இல்லை. அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும். நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகம், தவிடு–புண்ணாக்கை நம்பியிருக்கும் டெல்டா விவசாயிகளுக்கென்று, 100 கிலோ தீவனத்துக்கு எதை எத்தனை கிராம் சேர்ப்பது என்பதை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். தங்கள் வேளாண் பக்கமும், முன்பு வெளியான யோசனைக்குத் திருத்தமாக, அந்த அளவுகளை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மீன்வள ஆய்வாளர்,
பட்டுக்கோட்டை.